“ஃபுல் சர்வீஸ் முடிந்தது” என்று விற்கும் பழைய ஃபிலிம் கேமராக்கள்: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

அப்படியொரு விளம்பரத்தை நம்பி வாங்கிய கேமரா கேனனெட் ஜி3 க்யூஎல்17. 1972-ல் வந்த மாடல். 40 மிமீ, எஃப் 1.7 லென்ஸ் உடம்போடு சேர்ந்தே இருக்கும், கழற்றி மாற்ற முடியாது. விளம்பரத்தில் நான்கு வாக்குறுதிகள் இருந்தன: ஷட்டர் சர்வீஸ் ஆகிவிட்டது, ஃபோம் புதிது, வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்கிறது, லென்ஸ் சுத்தம். மேலோட்டமாகப் பார்த்தால் நான்குமே உண்மை போலத்தான் தெரியும். சோதித்துப் பார்த்தபோது ஒன்றுகூடத் தேறவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு விற்றவர் சொன்ன பதில்: “ஐம்பது வருஷத்துக் கேமரா சார், அப்படி இப்படித்தான் இருக்கும்.”

அப்படி இருக்க வேண்டியதில்லை. முறையாகப் பிரித்துச் சுத்தம் செய்த கேனனெட் பல வருடம் தொந்தரவில்லாமல் ஓடும். இந்தக் கேமராவுக்கு நடந்தது சர்வீஸே அல்ல. விற்கும் நாள்வரை தாக்குப்பிடிக்கிற அளவுக்கு ஒரு பூச்சு வேலை. இதே வேலையைச் செய்து வேறு கேமராக்களும் விற்கப்படுகின்றன. அதனால் என்ன செய்திருந்தார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை முழுதாக எழுதுகிறோம்.

முதலில் ஷட்டர். கேனனெட்டில் இருப்பது லீஃப் ஷட்டர். லென்ஸ் கண்ணாடிகளுக்கு நடுவே மிக மெல்லிய உலோக இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மூடியிருக்கும். அவற்றைத் திறக்கும் ஸ்பிரிங்கின் விசை மிகக் குறைவு. இதழ்கள் எண்ணெய்ப் பசையே இல்லாமல் உலர்ந்து இருந்தால்தான் அந்த விசை போதும். லேசான எண்ணெய்ப் படலம் வந்தால் போதும், ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதைப் போல இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் எங்கிருந்து வருகிறது? ஃபோகஸ் வளையத்தின் திருகு மரையில் போட்ட கிரீஸ் வருடக்கணக்கில் பிரிந்து, அதிலுள்ள எண்ணெய் மட்டும் ஊர்ந்து ஷட்டருக்குள் இறங்குகிறது. அதனால்தான் ஷட்டர் ஒட்டிப்போன கேனனெட்கள் நிறையக் கிடைக்கின்றன, மலிவாகவும் கிடைக்கின்றன.

குறுக்கு வழி இதுதான். லென்ஸ் முகப்பில் பெயர் எழுதிய வளையத்தை ரப்பர் வைத்து அழுத்தித் திருகிக் கழற்றுவார்கள். முன் கண்ணாடித் தொகுதியை லென்ஸ் ஸ்பானரால் எடுத்துவிட்டு, இதழ்கள்மேல் சிகரெட் லைட்டர் திரவத்தைச் சொட்டு விட்டு, இருபது முப்பது முறை கிளிக் செய்து, பஞ்சுக் குச்சியால் துடைப்பார்கள். அரை மணி நேர வேலை. இதழ்கள் சுறுசுறுப்பாகத் திறக்கும். ஆனால் எண்ணெய் எங்கேயும் போகவில்லை. திரவம் அதைக் கரைத்து இதழ்களின் பின்பக்கத்துக்கும், மெதுவான வேகங்களைக் கட்டுப்படுத்தும் பல்சக்கரங்களுக்கும், லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் இதழ்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பிறகு திரவம் ஆவியாகிவிடும், எண்ணெய் அங்கேயே தங்கிவிடும். சில வாரங்களில் பழைய கதை.

இந்தக் கேமராவில் அதுவேதான் நடந்தது. ஃபோனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் எடுத்து, ஷட்டர் திறந்திருக்கும் ஃபிரேம்களை எண்ணலாம். 1/4 நொடிக்கு 60 ஃபிரேம் வர வேண்டும், 1/8-க்கு 30, 1/15-க்கு 16, 1/30-க்கு 8. வந்த அன்று 1/4-ல் 63 ஃபிரேம், குறை சொல்ல முடியாது. மூன்று வாரம் கழித்து அதே 1/4-ல் 96. காலையில் முதல் கிளிக்கில் இதழ்கள் பாதி திறந்தபடி நின்றுவிட்டன. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்க வேண்டிய இதழ்களின் விளிம்பில் பிறைவடிவில் ஒரு ஈரக்கோடு பளபளத்தது. அந்தக் கோட்டைப் பார்த்தபின் வேறு சாட்சி தேவையில்லை.

ஃபோன் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. 240 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் என்பதே சுமார் 4 மில்லிநொடி. 1/500 என்பது 2 மில்லிநொடி. ஆகவே 1/60-க்கு மேல் ஃபோனை நம்பாதீர்கள், ஒளி உணரி வைத்த ஷட்டர் டெஸ்டர் வேண்டும். “காதால் கேட்டே சொல்லிடுவேன்” என்று 1/500-ஐப் பற்றிச் சொல்பவரை நம்பவே நம்பாதீர்கள்.

விற்பவர் அனுப்பும் வீடியோவில் ஷட்டர் நன்றாக ஓடுவதற்கும் காரணம் இருக்கிறது. பத்துமுறை கிளிக் செய்தால் ஒட்டிய இதழ்கள் தற்காலிகமாக இளகிவிடும், அதன்பிறகு வீடியோ எடுக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது இப்படி: கேமராவை ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைத்து, அதன்பின் அழுத்தும் முதல் கிளிக்கின் வீடியோ வேண்டும். பின்கதவு திறந்திருக்க வேண்டும், லென்ஸ் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும், அப்பர்ச்சர் முழுதாகத் திறந்த 1.7, வேகம் 1/4. மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

முறையான வேலை என்றால் முன் தொகுதி, பின் தொகுதி இரண்டையும் எடுத்து, ஷட்டரை உடம்பிலிருந்து பிரித்து, சுத்தமான திரவத்தில் கறை வராமல் போகும்வரை திரவத்தை மாற்றி மாற்றி அலச வேண்டும். பல்சக்கர அச்சு முனைகளுக்கு மட்டும் ஊசி நுனியளவு எண்ணெய். இதழ்களில் துளியும் கூடாது. திருகு மரையின் பழைய கிரீஸை முழுக்கக் கழுவிப் புதிதாகப் போட வேண்டும். அந்த கிரீஸைத் தொடவில்லை என்று சொன்னால் எண்ணெயின் ஊற்று அப்படியே இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது ஃபோம். பின்கதவைச் சுற்றியுள்ள பள்ளங்களில் வெளிச்சம் புகாமல் இருக்க ஃபோம் பட்டை இருக்கும். அது பாலியுரித்தேன், காலப்போக்கில் காற்றின் ஈரத்தால் சிதைந்து தார் மாதிரி பிசுபிசுக்கும். பழையதை மரத்தாலான பல்குச்சியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பள்ளம் பளிச்சென்று ஆகும்வரை துடைத்த பிறகே புதியதை ஒட்ட வேண்டும். இங்கே தாரின் மேலேயே புதிய பட்டையை ஒட்டியிருந்தார்கள். அதுவும் ஜன்னல் இடுக்கில் ஒட்டுகிற தடிமனான ஃபோம். கதவைத் தம் பிடித்து அழுத்தினால்தான் தாழ் விழுந்தது. இந்தப் பள்ளங்களுக்கு சுமார் 1.5 மிமீ போதும், கீல் பக்கம் மட்டும் சற்றுத் தடிமனாக வேண்டும். தடிமன் அதிகமானால் தாழ்ப்பாள் வளையும், கீல் பக்கம் கதவு தூக்கிக்கொள்ளும், அங்கே வெளிச்சம் கசியும். கலர் நெகட்டிவிலிருந்து எடுக்கும் படத்தில் இது ஆரஞ்சு-சிவப்புக் கீற்றாக வரும், ஏனென்றால் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் ஃபிலிமின் சிவப்பு உணரும் அடுக்கைத்தான் முதலில் தொடுகிறது. சோதிக்கப் பட்டையின் ஓரத்தைக் குச்சியால் லேசாக அழுத்துங்கள், கறுப்புப் பிசின் ஒட்டிவந்தால் அடியில் பழையது இருக்கிறது.

மீட்டர் விஷயம் ஏமாற்றா, அறியாமையா என்று தெரியவில்லை. விளைவு ஒன்றுதான். இந்தக் கேமரா பிஎக்ஸ்625 என்ற 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டது. பாதரச பேட்டரி இப்போது விற்பனைக்கு வருவதில்லை. உள்ளே 1.5 வோல்ட் எல்ஆர்44 ஒன்றை அலுமினியத் தாள் சுருட்டி நுழைத்து வைத்திருந்தார்கள். முள் அசைகிறது, ஆகவே “மீட்டர் வேலை செய்கிறது”! வோல்டேஜ் கூடினால் மீட்டர் இருப்பதைவிட அதிக வெளிச்சத்தைக் காட்டும், ஆட்டோ முறையில் கேமரா அப்பர்ச்சரைக் கூடுதலாகச் சுருக்கும், நெகட்டிவ் மெலிந்து நிழல் பகுதிகள் வெறுமையாகிவிடும். போதாததற்கு அல்கலைன் பேட்டரியின் வோல்டேஜ் பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே போகும், ஆகவே பிழைகூட ஒரே அளவில் இருக்காது. சரியான வழி இரண்டு. காது கேட்கும் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட் தரும், சுற்றிலும் ஒரு வளையம் வைத்துப் போடலாம், ஆனால் ஸ்டிக்கரை உரித்தபின் சில வாரங்களே வரும். இன்னொன்று 1.55 வோல்ட் எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு, வோல்டேஜைக் குறைக்கும் ஷாட்கி டயோடு வைத்த அடாப்டரோடு.

நான்கிலும் மோசமானது லென்ஸ். வெளிக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. ஷட்டரை பி-யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்து பின்னாலிருந்து டார்ச் அடித்தபோது, ஷட்டருக்கு ஒட்டிய உள் கண்ணாடியில் மூச்சு விட்டது போல வெண்படலம். லைட்டர் திரவம் கரைத்துக் கொண்டுபோன எண்ணெயின் வேலைதான் அதுவும். இதைத் துடைத்துவிடலாம். துடைத்துத் தீராதது ஃபோகஸ்.

லென்ஸைப் பிரித்தவர் திருகு மரையைத் திரும்பப் பூட்டும்போது தவறான புரியில் தொடங்கியிருக்கிறார். இந்த மரைக்குப் பல தொடக்கப் புரிகள் உண்டு, எல்லாவற்றிலும் ஏறும், ஒன்றுதான் சரி. கழற்றுமுன் பிரியும் இடத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டுக்கொண்டால் இந்தப் பிழையே வராது. விளைவாக, வளையம் வெகுதூரக் காட்சிக்கான முடிவிலிக் குறியில் நிற்கும்போது லென்ஸ் உண்மையில் சுமார் ஆறு மீட்டரில் ஃபோகஸ் ஆகிறது. தவறு தெரிந்ததும் திரும்பப் பிரிக்காமல், மேல் மூடியைக் கழற்றி, இரு பிம்பங்களைப் பொருத்தி ஃபோகஸ் பார்க்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டரைத் திருகி, வியூஃபைண்டரில் தூரத்துப் பொருளின் இரு பிம்பங்களும் பொருந்தும்படி செய்துவிட்டார். கண்ணுக்கு எல்லாம் சரி, ஃபிலிமில் எதுவும் சரியில்லை. விளம்பரத்தில் இருந்த மாதிரிப் படங்கள் எல்லாமே நல்ல வெயிலில் எடுத்தவை. சிறிய அப்பர்ச்சர் இந்தப் பிழையின் பெரும்பகுதியை மறைத்துவிடும், 1.7-ல் மறைக்காது.

சோதிக்கும் முறை: கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் துண்டில் மங்கல் டேப் ஒட்டி, டேப் பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி, ஃபிலிம் உட்காரும் உள் தண்டவாளங்களின் மேல் தட்டையாக வையுங்கள். வெளித் தண்டவாளத்தில் வைத்தால் அளவு தப்பாகும், அது ஃபிலிமைப் பின்னாலிருந்து அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கானது. பூட்டும் வசதியுள்ள கேபிள் ரிலீஸால் பி-யில் திறந்து, 1.7-ல், சில நூறு மீட்டர் தள்ளியுள்ள கோபுரத்தையோ கம்பத்தையோ பார்த்து, டேப்பில் விழும் பிம்பத்தை லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள். வளையம் முடிவிலியில் முட்டி நிற்கும்போது விளிம்புகள் கத்திபோல இருக்க வேண்டும்.

பிரித்தவரின் கை எப்படிப்பட்டது என்பதை ஸ்க்ரூ தலைகள் சொல்லும். ஜப்பானியக் கேமராக்களின் ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர வகை. சாதாரண ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுதாக இறங்காமல் நழுவி, சிலுவையின் ஓரங்களைக் கடித்துவிடும். மேல் மூடி ஸ்க்ரூக்கள் மூளியாக இருந்தால் தள்ளியே நில்லுங்கள்.

மற்ற மாடல்களிலும் பூச்சு வேலைக்கு இடமுண்டு. கேனன் ஏஇ-1-ல் கிளிக்கும்போது வரும் கீச்சுச் சத்தம், மிரர் பல்சக்கர எண்ணெய் உலர்ந்ததால் வருவது. சிரிஞ்சில் எண்ணெயை ஊற்றிச் சத்தத்தை அடக்கிவிடலாம், ஊற்றியது அதிகமானால் அது வேறெங்கோ ஊர்ந்துபோகும். ஒலிம்பஸ் ஓஎம்-1-ல் பிரிசத்தின் மேலிருக்கும் ஃபோம் சிதைந்து வெள்ளிப்பூச்சை அரிக்கும். வியூஃபைண்டரில் கறை தெரிந்தால் வெறும் தூசு என்று சொல்வதை ஏற்காதீர்கள். யாஷிகா எலக்ட்ரோ 35-ல் ஃபிலிம் சுற்றும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் உள்ளே ஒரு ரப்பர் பட்டை உதிர்ந்திருக்கிறது, எக்ஸ்போஷர் தப்பும். துணித்திரை ஷட்டர் உள்ள எஸ்எல்ஆர்களில் (லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் கேமராக்கள்) 1/1000-ஐக் கட்டாயம் பாருங்கள், ஒரு திரை இன்னொன்றை எட்டிப்பிடித்தால் படத்தின் ஒரு பக்கம் இருண்டுவிடும்.

பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள்: ஒவ்வொரு வேகமும் அளந்த எண்கள், திருகு மரையின் கிரீஸ் மாற்றினாரா, எந்தக் கண்ணாடித் தொகுதிகளைக் கழற்றினார், முடிவிலியை ஃபிலிம் தளத்தில் சரிபார்த்தாரா. சர்வீஸ் செய்தவருக்கு இவை மனப்பாடம். “எல்லாம் பார்த்தாச்சு” என்றால் எதையும் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடுவும் ஒரு ரோல் எடுத்து டெவலப் ஆகி வரும்வரை இருக்க வேண்டும். மூன்று நாள் கெடு என்பது கெடுவே இல்லை.

அந்த முதல் ரோலை அழகான படங்களுக்குச் செலவழிக்காதீர்கள். ஆட்டோ முறையை விட்டு மேனுவலுக்கு மாற்றி, வெளிச்சம் மாறாத ஒரே காட்சியை 1/500 எஃப் 5.6, 1/250 எஃப் 8, 1/125 எஃப் 11, 1/60 எஃப் 16 என்று எடுங்கள். நான்கு நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் வர வேண்டும். வெளிச்சம் குறைந்த இடத்தில் 1/30 எஃப் 4 தொடங்கி 1/4 எஃப் 11 வரை ஸ்டாண்டில் வைத்து அதேபோல. சில படங்கள் 1.7-ல், முடிவிலியிலும் ஒரு மீட்டரிலும். பிறகு ஃபிலிம் உள்ளே இருக்க, லென்ஸ் மூடியைப் போட்டுக் கால் மணி நேரம் வெயிலில் எல்லாப் பக்கமும் திருப்பி வையுங்கள், கசிவு இருந்தால் அந்த ஃபிரேம்களில் பதிந்துவிடும். இரண்டு வாரம் கழித்து, தொடாமல் வைத்திருந்த கேமராவின் முதல் கிளிக்கை மறுபடி வீடியோ எடுத்து ஃபிரேம்களை எண்ணி, முதல்நாள் எண்ணோடு ஒப்பிடுங்கள்.