எங்கள் ஊருக்கு எட்டும் மூன்று அரச பாடசாலைகள்: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

இலங்கையின் வடக்கே, மாங்குளம் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே விலகியிருக்கும் எங்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய அரச பாடசாலைகள் மூன்று. ஊருக்குள் தரம் 5 வரையுள்ள ஆரம்பப் பாடசாலை, குளக்கட்டுக்கு அப்பால் அடுத்த ஊரில் தரம் 11 வரையுள்ள வித்தியாலயம், பேருந்தில் போகவேண்டிய நகரில் விஞ்ஞானப் பிரிவு உட்பட உயர்தரம் (தரம் 12, 13) உள்ள 1ஏபி வகைப் பாடசாலை. என் பிள்ளைகள் மூன்றையும் கண்டவர்கள் என்பதால், பாடசாலைகளின் பெயரைக் குறிப்பிடாமல் இதை எழுதுகிறேன். பாடநூலும் சீருடைத்துணியும் அரசாங்கமே தருவதால் செலவில் வேறுபாடில்லை என்றுதான் முதலில் தோன்றும். பேருந்துக் கட்டணத்தையும் ரியூசன் பணத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது கணக்கு மாறிவிடும்.

ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகள் குறைவு. இரண்டு தரங்களை ஒரே அறையில் வைத்து ஒரே ஆசிரியை கற்பிக்கிறார். பல்தரக் கற்பித்தல் என்றதும் பெற்றோர் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறுகிறது, எந்த வீட்டில் காலையில் அடுப்பு எரியவில்லை என்பதை அறிந்திருக்கும் ஆசிரியையை நெரிசலான நகர வகுப்பில் எதிர்பார்க்க முடியாது. என் இளையவர் வாசிக்கப் பழகியது இங்கேதான். ஆங்கிலம் இங்கு பலவீனம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தரம் ஒன்றிலேயே பிள்ளையை நகரத்துக்கு அனுப்பும் அயலவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலைப் பேருந்தில் தூங்கிவிழுந்துகொண்டு போகும் ஆறு வயதுப் பிள்ளை அங்கே கூடுதலாக என்ன கற்கிறது என்று கேட்டால், பாடசாலையின் பெயரைத்தான் விடையாகச் சொல்கிறார்கள்.

பெயருக்கு ஆதாரம் வாசலில் கட்டப்படும் பதாகை. தரம் 11 முடிவில் நடக்கும் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடங்களிலும் ஏ எடுத்த மாணவியின் படம் அதிலிருக்கும். அவருடைய உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்தப் படத்தைக் கொண்டு பாடசாலையை அளக்க முடியாது. சாதாரண தரத்துக்குத் தோற்றியவர்கள் எத்தனை பேர், ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் (சி அல்லது அதற்கு மேல்) பெற்று உயர்தரத்துக்குத் தகுதியானவர்கள் எத்தனை பேர் என்று அதிபரிடம் நேரே கேட்க வேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையிலும் இதே நிலைதான். 200 புள்ளிக்கு நடக்கும் அந்தப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்தவர்களின் பெயர்கள் மட்டும் பதாகையில் ஏறுகின்றன. தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலையில் தரம் 6க்குப் போன பிள்ளைகளைப் பற்றி எந்தப் பாடசாலையும் பதாகை கட்டுவதில்லை.

அடுத்த ஊர் வித்தியாலயத்தை மதிப்பிடுவது கடினம். கட்டடங்கள் போர் முடிந்த 2009க்குப் பிந்தியவை, விளையாட்டு மைதானம் பெரியது, ஒழுக்கம் நன்று. எனினும், அலுவலக அறையிலுள்ள நேரசூசியைப் பார்த்தால் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய கட்டங்களில் ஆசிரியர் பெயர் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டிருக்கும். சில தவணைகளில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வந்துபோகும் ஆசிரியர்கள் அதிகஷ்டப் பிரதேசத்துச் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்பது இயல்பு, அவர்களைக் குறைசொல்வதற்கில்லை. பதிலீட்டு ஆசிரியர் வருமுன் அவர்களை விடுவிக்கும் நிருவாகத்தைக் குறைசொல்லலாம். என் மூத்தவர் தரம் 9இல் ஒரு தவணை முழுவதையும் கணித ஆசிரியர் இல்லாமல் கழித்தார். அந்த இடைவெளியை நிரப்பியது நாங்கள் பணம் கொடுத்த ரியூசன்தான். நிலையான கணித ஆசிரியர் ஒருவர் இருக்கும் ஆண்டுகளில் இதே வித்தியாலயத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அதனால் பிள்ளையைச் சேர்க்குமுன் நேரசூசியைப் பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல அதிபர் மறுக்கமாட்டார்.

நகரப் பாடசாலையில் பாட ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஆய்வுகூடத்தில் உபகரணமும் உண்டு. வகுப்பின் பின்வரிசைப் பிள்ளை ரியூசனை நம்பித்தான் படிக்கிறது என்பதும் உண்மை. பாடசாலை ஒன்றரை மணிக்கு விடும். எங்கள் பக்கத்துக்கு வரும் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பேருந்து தவறினால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். மாரியில் உள்வீதி வெள்ளத்தில் மூழ்கும் நாட்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வரவு குறைந்துவிடுகிறது. தரம் 6இலேயே அனுப்புவதைவிட, அடுத்த ஊரில் ஆசிரியர்கள் இருக்கும்வரை அங்கேயே படிக்கவைத்து, உயர்தரத்துக்கு நகரத்துக்கு அனுப்புவதே எங்களுக்குச் சரியாகப் பட்டது.

உயர்தரத்துக்கு யாழ்ப்பாணத்துக்கே அனுப்பிவிடலாமா என்ற கேள்வியும் பல வீடுகளில் எழுகிறது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் ஆகிய நான்கும் அந்தப் 16க்குள் அடங்கும். யாழ்ப்பாணமும் அடங்கும், ஆயினும் மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறுபடுகிறது. மாணவர் எந்த மாவட்டத்துக்கு உரியவர் என்பது அவர் படித்த பாடசாலையைக் கொண்டே தீர்மானிக்கப்படுவதால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைநூலில் அந்தப் பகுதியை வாசித்துவிட்டு, பாடசாலை மாறுவதற்கான விடுகைப் பத்திரத்துக்கு விண்ணப்பியுங்கள்.