‘பூச்சுல எடுத்துறலாம்’னு சொன்னா பணத்தைக் கையிலயே வச்சுக்கங்க

உச்சிப்புளி பக்கம் நாங்க வீடு கட்டி ஒன்றரை வருசம் ஆகுது. வடக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல். ஜன்னல் கம்பியில ஆறே மாசத்துல துரு ஏறிரும். இந்தப் பக்கம் வீடு கட்டுறவங்க, அதுலயும் வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்கத் தனியா நின்னு வேலை பாக்குற பொம்பளைங்க, நான் ஏமாந்த கதையைக் கேட்டுக்கங்க.

எங்க மாடிப்படி போர்டிகோவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா ஏறும். கான்கிரீட்டைத் தாங்குற சென்ட்ரிங் பலகையைப் பிரிச்ச அன்னைக்கு அடியில நின்னு அண்ணாந்து பார்த்தேன். படி திரும்புற லேண்டிங் ஓரத்துல ஒரு முழத்துக்கு வெறும் ஜல்லி துருத்திக்கிட்டு, பொந்து பொந்தா இருந்துச்சு. ஒரு இடத்துல கம்பியே தெரிஞ்சுது.

மேஸ்திரியைக் கேட்டேன்: “என்னண்ணே இது?”

“ஒண்ணுமில்ல தங்கச்சி, பூச்சுல எடுத்துறலாம்.”

மறுநாள் நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்துல சிமெண்ட் பாலை அடிச்சு, மேல பூசி, மணியாசுக்கட்டையால தேச்சு முடிச்சுட்டாங்க. சாயங்காலம் வந்து பார்த்தா கண்ணாடி மாதிரி இருக்கு. அந்தப் போட்டோவைத்தான் சவுதியில இருக்கிற வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அவரும் தவணையை அன்னைக்கே போட்டுவிட்டாரு.

குடிவந்த பிறகு என் மாமியார் கடைசிப் படியில ரெண்டு தடவை தடுக்கி விழுந்தாங்க. வயசாச்சு, கண்ணு மங்கலா இருக்கும்னு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். கண்ணுல ஒரு குறையும் இல்ல. பொங்கலுக்கு வந்த என் தங்கச்சி பையனும் அதே படியில தடுக்குனப்பதான் டேப்பை எடுத்து அளந்தேன். முதல் படி அஞ்சரை இஞ்ச், கடைசிப் படி எட்டரை. நடுவுல சிலது ஆறேகால், சிலது ஏழேமுக்கால். முதல் படியும் கடைசிப் படியும் இப்படி ஆனதுக்குக் காரணம் சின்னதுதான். கீழயும் மேலயும் தரைக்குக் கான்கிரீட்டும் டைல்ஸும் சேர்த்து ரெண்டரை இஞ்ச் ஏறும்னு கணக்கு வைக்காமலே மேஸ்திரி படியை வார்த்திருக்காரு. படி மேல கடப்பா கல் பதிச்சு ஒரு இஞ்ச்தான் ஏத்துனாரு. பாவம், மாமியார் கண்ணு மேல பழியைப் போட்டோம்.

அதுக்கு முன்னாடி கார்த்திகை மழையிலயே அடிப்பூச்சுல பழுப்பா ஒரு கோடு இறங்கியிருந்துச்சு. மாசியில தோசைக்கல் அகலத்துக்கு ஒரு பத்தை பேந்து சைக்கிள் சீட்டுல விழுந்துச்சு. நல்லவேளை, ஆள் யாரும் இல்ல. மேஸ்திரிக்குப் போன் பண்ணினா, “கடலோரம்னா உப்புக் காத்துதான தங்கச்சி, அப்படித்தான் இருக்கும்”னாரு. அதுக்கப்புறம் போனை எடுக்கவே இல்ல. 1914-ல திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் கடலுக்கு நடுவுல இதே உப்புக் காத்துல நூறு வருசத்துக்கு மேல நிக்கலையா?

ராமநாதபுரத்துல இருந்து ஒரு இன்ஜினியர் வந்தாரு. சின்னச் சுத்தியலால தட்டிக்கிட்டே போனாரு. நல்ல இடம் ‘ணங்’குங்குது, கெட்ட இடம் ‘பொத்’துங்குது. கொத்தினா உள்ள இருந்து சிமெண்ட் மூட்டைக் காகிதம் வருது, பலகை இடுக்கை அடைக்கச் சொருகினது. கம்பியைப் பலகையில ஒட்டாம தூக்கி வைக்கிற கவர் பிளாக் கட்டை ஒண்ணுகூட வைக்கல. கம்பி நேரா பலகை மேலயே கிடந்திருக்கு. கடலோரத்துல வெளியில நிக்கிற கான்கிரீட்டுக்குக் கம்பிக்கு மேல 45 மில்லிமீட்டர், அதாவது ஒண்ணேமுக்கால் இஞ்ச், கான்கிரீட் மூடியிருக்கணும்னு ஐ.எஸ். 456-ங்கிற இந்தியத் தர விதி சொல்லுதாம்.

அவர் கேட்ட அடுத்த கேள்விக்கு எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. “கலவைக்கு எந்தத் தண்ணிம்மா?” லாரித் தண்ணிதான் வாங்கி வச்சிருந்தேன். ஆனா படி வார்த்த அன்னைக்கு மூணு மணி வாக்குல, நான் அவங்களுக்கு டீ போட்டுக்கிட்டு இருக்கும்போது, போர் மோட்டார் ஓடுற சத்தம் கேட்டுச்சு. கை கால் கழுவுறாங்கன்னு நினைச்சுட்டேன். எங்க போர் தண்ணியை வாயில வைக்க முடியாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊத்துற தண்ணியில, உப்புல இருக்கிற குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதாம்.

சரி பண்ணினது இப்படித்தான்: லூசா இருந்த கான்கிரீட்டை எல்லாம் கம்பிக்குப் பின்னால விரல் நுழையிற அளவுக்குக் கொத்தி எடுத்தாங்க. கம்பியை பிரஷ் போட்டுத் தேச்சு, துருவுக்கு மருந்து அடிச்சு, பாலிமர் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சாங்க. படிக்கு, பக்கத்துச் சுவர்ல ஏழு இஞ்சுக்கு ஒண்ணா நூல் அடிச்சுப் பதினெட்டுக் கோடு போட்டாங்க. கடப்பா கல்லைப் பேத்துட்டு, கோட்டுக்கு மேல நின்ன படியைக் கொத்தி, தாழ்ந்த படியைச் சிப்ஸ்ங்கிற பொடி ஜல்லி கான்கிரீட்டால ஏத்துனாங்க. அவ்வளவு கனத்துக்கு வெறும் சாந்து போட்டா வெடிச்சுருமாம். எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய்.

உள்ள போன உப்பை வெளிய எடுக்க வழியில்ல, வருசா வருசம் மழைக்கு முன்னாடி தட்டிப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. சுத்தியல் அடுப்படி அலமாரியிலதான் இருந்துச்சு. நேத்து ரெண்டு தெரு தள்ளிச் சென்ட்ரிங் பிரிச்சாங்க, அதே மேஸ்திரிதான். அந்த வீட்டு அக்கா வந்து சுத்தியலை வாங்கிட்டுப் போயிருக்காங்க.