கார்ட்ரிட்ஜா, இங்க் டேங்கா? முதலில் ஹெட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

வீட்டுக்கு ஆல்-இன்-ஒன் பிரிண்டர் வாங்கப் போனால், பக்கத்துக்கு என்ன செலவு என்ற பேச்சுதான் முதலில் வரும். அதில் டேங்க்தான் ஜெயிக்கும், சந்தேகமே வேண்டாம். எச்பி 805 கருப்பு கார்ட்ரிட்ஜில் சுமார் 120 பக்கம் வரும். எப்சன் எல்3250 டேங்க் பிரிண்டருக்கு ஊற்றும் 003 கருப்பு இங்க் பாட்டில் 65 மில்லி. சுமார் 4,500 பக்கம். மூவண்ண கார்ட்ரிட்ஜில் மஞ்சள் மட்டும் தீர்ந்தாலும் மற்ற இரண்டு நிறத்தையும் சேர்த்தே தூக்கிப்போட வேண்டியிருக்கிறது.

ஆனால் மாதம் பத்துப் பக்கம்கூட அடிக்காத வீட்டில் பிரிண்டர் மூலைக்குப் போவது பெரும்பாலும் நாசில் (இங்க் வெளிவரும் நுண்துளைகள்) காய்ந்துதான். அங்கே கணக்கு மாறுகிறது. 805 போன்றவற்றில் ஹெட், அதாவது இந்த நாசில்கள் உள்ள பகுதி, கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கிறது. அடைத்தால், நூல் உதிராத துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து மடித்து வைத்து, நாசில் பக்கத்தை அதன்மேல் சில விநாடி ஒற்றி எடுங்கள். மூவண்ணத்தில் மூன்று நிறமும் பட்டை பட்டையாகத் துணியில் பதிந்தால் தப்பித்தது. செப்பு நிறத் தகட்டில் மட்டும் விரல் படக்கூடாது. தேறாவிட்டால் புது கார்ட்ரிட்ஜ் போடுங்கள், ஹெட்டும் புதிதாகிவிடும்.

எல்3250-இல் ஹெட் இயந்திரத்தோடு இருக்கிறது. அடைப்பு முற்றினால் சர்வீஸ்தான், செலவும் கடிக்கும். நாசில் செக் என்ற சோதனைப் பக்கம் அடித்து, அதில் கோடு விட்டிருந்தால் மட்டும் ஹெட் கிளீனிங் கொடுங்கள். மூன்று முறைக்கும் சரியாகவில்லையா, அணைத்துவிட்டுக் குறைந்தது 12 மணி நேரம் விடுங்கள். காய்ந்த இங்க் இளகும், காற்றுக்குமிழும் விலகும். விடாமல் கிளீனிங் கொடுத்தால் இங்க் முழுவதும் கழிவுப் பஞ்சுக்குத்தான் போகும். பஞ்சு நிறைந்தால் பிரிண்டர் அடிக்கவே மறுக்கும். டேங்கும் வேண்டும், இந்தப் பயமும் வேண்டாம் என்பவர்கள் ஹெட்டைக் கழற்றி மாற்றக்கூடிய கேனான் ஜி3010, எச்பி ஸ்மார்ட் டேங்க் 500 வகைகளைப் பார்க்கலாம். இவற்றில் கருப்பு மட்டும் நிறமி வகை இங்க். எழுத்தின்மேல் தண்ணீர் பட்டாலும் எளிதில் கரையாது. 003 சாய இங்க், ஈரம் பட்டால் பரவும். விண்ணப்பமும் சான்றிதழ் நகலும் அடிக்கிற வீட்டுக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல.

ஸ்கேன், நகல் விஷயத்தில் கார்ட்ரிட்ஜ், டேங்க் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிள்ளைகள் படிக்கிற வீடு, வாரம் இருபது முப்பது பக்கம் போகும் என்றால் டேங்க் எடுங்கள். எப்போதாவது ஒரு டிக்கெட், ஒரு ஆதார் நகல் என்றால் கார்ட்ரிட்ஜ் போதும். எதை வாங்கினாலும் வாரம் ஒரு வண்ணப் பக்கம் அடித்துவிடுங்கள். அணைப்பதும் பிரிண்டரின் பவர் பட்டனில்தான்: அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் ரப்பர் மூடியின்மேல் உட்காரும். சுவர் சுவிட்சை வேலை நடுவே தட்டினால் ஹெட் நின்ற இடத்திலேயே நிற்கும், திறந்த நாசில் காற்றில் காயும்.