கெண்டைத் தூண்டில்: நரம்பு அறுந்தால் மீன் என்ன ஆகும்?

இங்கிலாந்தில் கெண்டை பிடிக்கிறவர்கள் மீனை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. பிடித்து, எடை பார்த்து, ஒரு படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். பெரும்பாலான குளங்களில் விதியே அதுதான். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால், "அப்புறம் எதுக்குப்பா பிடிக்கிறே?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே மீன் பல வருஷம் பல பேர் கையில் வந்து போகிற இடத்தில் தூண்டில் கட்டும் கணக்கே வேறு. எத்தனை மீன் மாட்டும் என்பது இரண்டாவது. பாதியில் நரம்பு, அதாவது தூண்டில் நூல், அறுந்தால் முள்ளோடு ஓடிய மீன் என்ன ஆகும் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

லண்டனுக்கு வெளியே நாள் கட்டணம் வாங்கும் குளங்களில் சில சீசன்களாகக் கெண்டைக்கு உட்காருகிறேன். இங்கே தூண்டில் கடைகளில் ஒரு சுவர் முழுக்க ரிக் பாக்கெட்டாகத் தொங்கும். ரிக் என்றால் நரம்பின் நுனியில் முள், எடைக்கு ஈயம் எல்லாம் சேர்த்துக் கட்டும் அமைப்பு. ரோனி, சாட், ஹெலிகாப்டர் என்று பெயர்களே புதியவரை மிரட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் பையில் இப்போது மிஞ்சியிருப்பது இரண்டுதான். கோடைக்கு ஈயமே இல்லாத ஒன்று, அது தனி.

முள் பக்கத்திலிருந்து வருகிறேன். ஈயம் போடும் இரண்டுக்கும் கீழ்ப்பகுதி ஒன்றே: ஹேர் ரிக். இரையை முள்ளில் குத்துவதில்லை. முள்ளுக்குப் பின்னால் தொங்கும் மெல்லிய இழையில் கோக்கிறோம், முள் வெறுமனே நிற்கும். கெண்டைக்கு வாயில் பல் கிடையாது. அரைக்கும் பல்லெல்லாம் தொண்டைக்குள். அதனால் தரையில் கிடப்பதை உறிஞ்சிப் பார்க்கும், சந்தேகம் வந்தால் துப்பும். துப்புகிறபோது வெறும் முள் கீழுதட்டில் பிடித்துக்கொள்ளும். லென்னி மிடில்டன், கெவின் மேடக்ஸ் என்ற இரண்டு பேர் சேர்ந்து உருவாக்கியது இது. நிஜத் தலைமுடியில்தான் முதலில் கட்டிப் பார்த்தார்களாம். மீனுக்கும் இது சௌகரியம். முள் தொண்டைக்குள் போவது அரிது, பெரும்பாலும் உதட்டிலேயே நிற்பதால் விரலாலேயே கழற்றிவிடலாம்.

கட்டுவதற்கும் பெரிய வித்தை வேண்டாம். நரம்பின் நுனியில் ஒரு சின்ன வளையம் போட்டு, அதில் இரையைக் கோத்து அளவு பார்த்துக்கொள்ளுங்கள். மறுமுனையை முள்ளின் கண்ணுக்குள் முதுகுப் பக்கமாக நுழைத்து, தண்டோடு இழையையும் சேர்த்து ஏழெட்டுச் சுற்று நெருக்கமாகச் சுற்றி, மறுபடியும் அதே முதுகுப் பக்கமாகக் கண்ணுக்குள் விட்டு, எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். இரண்டாவது தடவை மாற்றி நுழைத்தால் முள் சரியான பக்கம் திரும்பாது. இரைக்கும் முள்ளின் வளைவுக்கும் நடுவே ஒரு நெல்மணி போகிற இடைவெளி விடுகிறேன். அதற்கு மேல் நீளமான இழை தேவைப்பட்டதில்லை.

முள் 8ஆம் நம்பர், வாய் அகலமானது, பார்ப் (நுனியில் இருக்கும் எதிர்முள்) இல்லாதது. பார்ப் இல்லாவிட்டால் மீன் நழுவிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நரம்பைத் தளர விட்டால் நழுவத்தான் செய்யும். விறைப்பாக வைத்திருந்தால் நிற்கும். நரம்பு அறுந்து போனாலும் மீன் தலையை உதறித் தானே கழற்றிக்கொள்ள வாய்ப்பு அதிகம். என்னைக் கேட்டால் அந்த ஒரு காரணமே போதும். தண்டு நீண்ட, வளைந்த முட்களின் பக்கம் போகவே வேண்டாம். அவை வாயைக் கிழிக்கும், பல குளங்களில் தடையும் உண்டு.

முள்ளுக்கும் ஸ்விவலுக்கும் (மேல் நரம்பையும் கீழ் நரம்பையும் இணைக்கும் சுழல் வளையம்) நடுவே ஒரு சாண் நீளத்துக்கு 12 பவுண்டு தாங்கும் சாதா நரம்பு, ரீலில் 15 பவுண்டு. மேலே உள்ளதைவிடக் கீழே உள்ளது பலம் குறைவாக இருப்பது வேண்டுமென்றேதான். அறுந்தால் கீழேயே அறும். மீனோடு போவது முள்ளும் கொஞ்சம் நரம்பும் மட்டும். பெட்டிகளில் வரும் பின்னல் நரம்பு 25 பவுண்டு வரை தாங்கும். அதைக் கீழே கட்டினால் முதலில் அறுவது மேல் நரம்பு. ஈயமும் பல மீட்டர் நரம்பும் மீன் வாயில் தொங்கும்.

ஈயத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்தது ஓடும் ஈயம். ஈயம் ஒரு பெரிய வளையத்தில் தொங்க, நரம்பு அந்த வளையத்துக்குள் தாராளமாக ஓடும். கீழே ஸ்விவலைக் காக்க ஒரு ரப்பர் மணி. மேலே எங்காவது அறுந்தால் நரம்பு வளையத்தைவிட்டு உருவிக்கொண்டு போய்விடும், ஈயம் தரையிலேயே கிடக்கும். ஒரே நிபந்தனை: வளையத்துக்கு மேல் எந்த முடிச்சும், தடுப்பும் இருக்கக் கூடாது. ரீல் நரம்பின் நுனியில் கனமான லீடர் நரம்பை முடிச்சுப் போட்டு இணைக்கிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். குறை என்றால், இரையைத் தொட்டதும் மீன் மிரண்டு ஓடித் தானே மாட்டிக்கொள்ளும் வேலை இதில் குறைவு. கோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கவனமாக உட்கார வேண்டும். கோலை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவருக்கு இது சரிப்படாது. உண்மையில் அவருக்கு எந்த ரிக்கும் சரிப்படாது. ஒரு பெரிய மீன் கோலையும் ரீலையும் சேர்த்தே இழுத்துப் போய்விடும்.

இரண்டாவது, லெட் கிளிப். பாசி அடர்ந்த இடத்துக்கு இதைத்தான் எடுக்கிறேன். ஈயம் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பின் கையில் மாட்டியிருக்கும், அதன்மேல் கூம்பு மாதிரி ஒரு ரப்பர் மூடி. பாசியில் ஈயம் சிக்கினால் மூடி பின்னுக்கு நகர்ந்து ஈயம் கழன்று விழ வேண்டும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். வீசும்போது ஈயம் பறந்துவிடுமோ என்ற பயத்தில் மூடியை முழு பலத்தோடு அழுத்திவிடுவார்கள். அப்புறம் அது கிளிப் இல்லை, கைவிலங்கு. மூடி கிளிப்பின் முதல் ஒன்றிரண்டு வரிகளைக் கவ்வினால் போதும். இன்னொன்று, ஸ்விவல் கிளிப்புக்குள் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும், சில மாடல்களில் அதற்கென்று ஒரு குச்சி ஊசி வரும். பூட்டாவிட்டால் சிக்கிய இடத்தில் கிளிப்பே நரம்பில் வழுக்கி ஓடும், ஈயம் கழலாது.

வீட்டில் சமையல் மேடையிலேயே சோதித்துவிடலாம். ஒரு கையில் கிளிப்புக்கு மேலே நரம்பு, இன்னொரு கையில் ஈயம். ஓரளவு இழுத்ததும் ஈயம் கையோடு வந்துவிட்டால் சரி. பல்லைக் கடித்து இழுக்க வேண்டியிருந்தால் மூடியைத் தளர்த்துங்கள். குளக் காவலர்களில் சிலர் நம் ரிக்கை வாங்கி இதையேதான் செய்து பார்ப்பார்கள்.

புதியவருக்கென்று ஒரு கடையில் விற்ற ரெடிமேட் செட் ஒன்று வாங்கினேன். ஈயத்துக்கு மேலும் கீழும் பித்தளை வளையத்தை நசுக்கி நகராமல் பூட்டியிருந்தார்கள். திருப்பிக் கொடுத்தபோது, "இதுதான் நல்லா விற்குது" என்றார்கள். விற்கட்டும்.

ஈயத்தின் எடை 2 அவுன்ஸ், ஏறக்குறைய 57 கிராம். இங்கே 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈய எடைகளின் விற்பனையை 1987இல் தடை செய்துவிட்டார்கள். அன்னங்கள் அவற்றை விழுங்கி நஞ்சேறிச் சாவதுதான் காரணம். சின்ன எடை வேண்டுமென்றால் டங்ஸ்டனோ டின்னோதான்.

கோடையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும் நாட்களில் இதெல்லாம் பையிலேயே இருக்கட்டும். முள், நரம்பு, ஒரு துண்டு ரொட்டி, அவ்வளவுதான். ஈயமும் இல்லை, ஸ்விவலும் இல்லை, அறுந்தாலும் மீனுக்கு இழுத்துத் திரிய எடை இல்லை. ரிச்சர்ட் வாக்கர் 1952இல் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டுக் கெண்டையைப் பிடித்து பிரிட்டிஷ் சாதனை வைத்ததும் ரொட்டியால்தான். அந்த மீன் லண்டன் மிருகக்காட்சி சாலைக்குப் போய்ப் பல வருஷம் வாழ்ந்தது. ரொட்டியில் ஒரே தொல்லை வாத்து. மீனுக்கு முன்னால் அது வந்துவிடும், உடனே இழுத்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, ரிக்கில் மிச்சம் பிடித்த காசைப் பெரிய வலையிலும் நல்ல மெத்தையிலும் போடுங்கள். மீனை வைக்கும் முன் மெத்தையைக் குளத்துத் தண்ணீரால் நனைக்க வேண்டும். காய்ந்த மெத்தை மீனின் வழவழப்பை உரித்துவிடும். வலையைக் குளத்துக்குக் குளம் ஈரத்தோடு தூக்கிப் போகவும் கூடாது. கெண்டைகளைக் கூட்டமாகக் கொல்லும் ஹெர்பிஸ் வைரஸ் அப்படியும் பரவும். சில இடங்களில் வாசலிலேயே மருந்துத் தொட்டி வைத்திருப்பார்கள், முக்கிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். மற்றபடி வீட்டுக்கு வந்து வெயிலில் நன்றாகக் காயவைக்கலாம். இங்கே வெயில் ஏது, பெரும்பாலும் ரேடியேட்டர் மேல்தான். அந்த நாற்றத்துக்கு வீட்டில் கிடைக்கும் திட்டுக்கு எந்தக் கடையிலும் ரிக் கிடையாது.