பழையவர்களும் புதியவர்களும் கூடும் அல்டிமேட் நாள்: எந்த ஆட்டம் எடுபடும்?

ஓர் அல்டிமேட் ஃப்ரிஸ்பீ (டிஸ்க் எனும் தட்டை எறிந்து கைமாற்றி, எதிர்முனையில் பிடித்துப் பாயிண்ட் எடுக்கும், அணிக்கு ஏழு பேர் ஆட்டம்) அணியின் முன்னாள் ஆட்டக்காரர்களையும் இப்போது ஆடுபவர்களையும் ஒரே நாளில் கூட்ட முடிவானதும் வருகிற முதல் சச்சரவு விருந்தைப் பற்றி இருக்காது, ஆட்டத்தைப் பற்றித்தான் இருக்கும். பழையவர்கள் ஒரு பக்கம், புதியவர்கள் ஒரு பக்கம் என்று மோதவிடலாம். எல்லாப் பெயரையும் குலுக்கிப் போட்டு 'ஹேட்' முறையில் அணி பிரிக்கலாம். பெரிய மைதானத்தைக் கூறு போட்டு, நாலு நாலு பேராகச் சின்ன ஆட்டம் ஆடலாம். ஓட்டமே வேண்டாம் என்று இலக்கு எறிதலோடு முடித்துக்கொள்ளலாம். நான்குக்கும் ஆதரவாளர்கள் உண்டு, நான்கிலும் ஓட்டையும் உண்டு. இங்கே எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாத இரண்டு தலைமுறைகள், பொழுது சாய்வதற்குள் ஒரே பக்கம் நின்று டிஸ்கைக் கைமாற்றி ஆடியிருக்க வேண்டும்.

பழையவர் எதிர் புதியவர்

சொன்னதும் எல்லாரும் கை தூக்குவது இதற்குத்தான். ஏற்பாடு சுலபம். அணி பிரிக்கிற வேலை இல்லை, கேலிக்கும் பஞ்சமிருக்காது. சிக்கல் எங்கே என்றால், 'பழையவர்' என்பது ஒரே கூட்டம் அல்ல. போன வருடம் விலகியவரும் பழையவர்தான், பதினைந்து வருடமாக டிஸ்கைத் தொடாதவரும் பழையவர்தான். போன வருடம் விலகியவர் இன்றைய அணியில் சேர்த்தாலும் முதல் ஏழு பேருக்குள் வருவார். ஸ்கோர் நெருக்கமானால் அப்படிப்பட்டவர்களே களத்தை விட்டு இறங்க மாட்டார்கள். வெகு தூரத்திலிருந்து வந்தவர் கோட்டோரம் நின்று கைதட்டிக்கொண்டிருப்பார்.

கணக்குப் போட்டால் விளங்கும். முன்னாள்கள் 21 பேர் வந்தால் களத்தில் இடம் 7. மூன்று பாயிண்ட்டுக்கு ஒன்றுதான் ஒருவருக்குக் கிடைக்கும். ஆட்டம் 15–9 என்று முடிந்தால் மொத்தம் 24 பாயிண்ட், தலைக்கு 8. அதிலும் ஒன்றிரண்டு, புல் (பாயிண்ட்டைத் தொடங்கும் முதல் வீச்சு) எறிந்த அரை நிமிடத்திலேயே நீள வீச்சில் முடிந்துபோகும். இது சரிசமமாகப் பங்கிட்டால் கிடைக்கும் கணக்கு. பங்கிடாமல் விட்டால் பாதிப் பேருக்கு மூன்று, நாலு பாயிண்ட்தான் மிஞ்சும்.

இதற்கு மருந்து உண்டு. முந்தின நாளே ஏழேழு பேராக மூன்று வரிசை எழுதி வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் எல்லா வருடத்து ஆட்களும் கலந்திருக்க வேண்டும். ஸ்கோர் என்னவானாலும் முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை என்று சுழற்சி மாறக்கூடாது. அட்டையில் எழுதிக் கோட்டோரம் ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். அந்த ஒருவர் ஆடாதவராக இருப்பது நல்லது.

சலுகை கொடுப்பதிலும் தேர்வு இருக்கிறது. ஸ்டால் எண்ணிக்கையை (டிஸ்க் வைத்திருப்பவர் எறிவதற்குள் எதிராளி எண்ணுவது) பத்திலிருந்து பன்னிரண்டாக்கலாம் என்பார்கள். அது மார்க் பண்ணுகிறவரை (எதிரே நின்று தடுத்து எண்ணுகிறவரை) குழப்புமே தவிர, மூச்சு வாங்குகிற கட்டரை (டிஸ்க் வாங்க ஓடுகிறவரை) வேகமாக்காது. அதைவிடப் பழையவர்களை 7 பாயிண்ட் ஆட்டத்தில் 2–0 என்று தொடங்கவிடுவது சுத்தமான வழி. ஜோன் டிஃபென்ஸ் (ஆளை விட்டு இடத்தைக் காப்பது) பழையவர்களுக்கு மட்டும் என்று வைத்துவிட வேண்டும். அதில் ஆளுக்கு ஆள் துரத்துகிற ஓட்டம் குறைவு, அனுபவம் எடுபடும். புதியவர்கள் ஜோன் போட்டால், அதுவும் காற்றடிக்கிற நாளில், கை மறந்த ஹேண்ட்லர்கள் (எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்கள்) டர்ன்ஓவருக்கு (டிஸ்கை எதிரணிக்கு இழப்பது) மேல் டர்ன்ஓவராகக் கொடுப்பார்கள். ஒரே பாயிண்ட் எட்டு, பத்து நிமிடம் இழுக்கும். பார்க்கிறவருக்கும் அலுப்பு, ஓடுகிறவருக்கும் ஆபத்து.

ஆகவே இந்த ஆட்டம் வேண்டும், ஆனால் நாள் முழுவதும் இதுவே வேண்டாம். 7 பாயிண்ட், 35 நிமிடக் கெடு போதும்.

ஹேட் முறை

நம் அளவுகோலுக்கு நன்றாகப் பொருந்துவது இது. ஆனால் வேலையும் அதிகம். சீட்டெழுதித் தொப்பியில் போட்டு உண்மையிலேயே குலுக்கினால், ஓர் அணிக்கு நாலு ஹேண்ட்லர் விழும், இன்னொன்றுக்கு ஒருவர்கூட விழமாட்டார். அதனால் பெயர்தான் குலுக்கல், செய்வது பங்கீடு.

பங்கீடு சரியாக அமைவது பதிவுப் படிவத்தைப் பொறுத்தது. 'உங்கள் ஆட்டத் திறனுக்கு ஐந்துக்கு எத்தனை?' என்று ஒரே கேள்வியாகக் கேட்பதுதான் வழக்கமான தப்பு. பழையவர்களில் சிலர் அடக்கமாக 2 போடுவார்கள், சிலர் அந்தக் காலத்து நினைப்பில் 5 போடுவார்கள். அதோடு, நெடுநாள் ஆடாதவர்களிடம் ஓட்டமும் கையும் ஒரே அளவில் குறைவதில்லை. எறியும் கை பெரும்பாலும் தங்கிவிடும், கால்தான் முதலில் போகும். எனவே இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், அதையும் ஆமாம் / இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேளுங்கள். கடந்த மூன்று மாதத்தில் நிற்காமல் 20 நிமிடம் ஓடியதுண்டா? காற்றில்லாத நேரத்தில் 30 மீட்டர் ஃபோர்ஹேண்ட் ஆள் கைக்குப் போகுமா? கடைசியாக ஆட்டம் ஆடியது எந்த வருடம்? ஹேண்ட்லரா, கட்டரா? காயம் ஏதும் உண்டா? இந்த ஐந்து போதும்.

பிறகு எல்லாரையும் அணியில் இருந்த காலத்தை வைத்து மூன்று கட்டாகப் பிரியுங்கள்: இப்போதையவர்கள், அண்மையில் விலகியவர்கள், மூத்தவர்கள். ஒவ்வொரு கட்டையும் ஓட்டத் திறன்படி வரிசைப்படுத்தி 1, 2, 3, 4, 4, 3, 2, 1 என்று பாம்பு போல வளைந்து அணிகளுக்குக் கொடுங்கள். எல்லாம் முடிந்ததும் ஹேண்ட்லர்களை எண்ணுங்கள். பத்துப் பேர் கொண்ட அணிக்கு மூன்று பேராவது வேண்டும். குறைந்தால் அதே கட்டில், ஏறக்குறைய அதே ஓட்டமுள்ள ஒருவரோடு மாற்றுங்கள். வேறு கட்டிலிருந்து எடுத்தால் அதுவரை போட்ட கணக்கு கலைந்துவிடும். ஒரே வண்டியில் வந்தோம், ஒரே அணியில் போடுங்கள் என்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும். இல்லாவிட்டால் ஒரே வருடத்துக்காரர்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்வார்கள், ஹேட் போட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும். பெயர் கொடுத்துவிட்டு வராதவர்கள் எப்போதும் இருப்பார்கள். அன்று காலையில் ஓர் அணியிலிருந்து ஒருவரை நகர்த்தினால் போதும், முழுப் பட்டியலையும் திரும்பப் போட உட்காராதீர்கள்.

ஆண் பெண் விகிதத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. கலப்பு ஆட்டத்தில் நாலுக்கு மூன்று என்பது வழக்கம். ஆனால் அணி ஒரு காலத்தில் ஆண்களோடோ பெண்களோடோ மட்டும் ஆடியிருந்தால், மூத்தவர் பட்டியல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அப்போது வந்தவர்களின் கணக்கை வைத்து விகிதத்தை முடிவு செய்யுங்கள். விதிக்காகச் சிலரை இடைவிடாமல் ஓடவைத்து, மற்றவர்களை உட்காரவைப்பதில் நியாயமில்லை.

யாரும் முன்கூட்டி யோசிக்காத ஒன்று சட்டை. ஒன்றுகூடலுக்கு எல்லாரும் ஆசையாகப் பழைய ஜெர்சியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். வருடம் வேறாக இருந்தாலும் நிறம் அணியின் நிறம்தானே! குலுக்கிப் பிரித்த இரண்டு அணியும் ஒரே நிறத்தில் நிற்கும். ஓடிக்கொண்டே தலையைத் திருப்பிப் பார்த்து எறியும் ஆட்டத்தில் இது தொல்லை, எதிராளிக்கே டிஸ்க் கொடுக்க நேரும். அழைப்பிலேயே 'ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு கருஞ்சட்டை கட்டாயம்' என்று எழுதிவிடுங்கள். பழைய ஜெர்சி, பழையவர் எதிர் புதியவர் ஆட்டத்துக்கு. அப்போது புதியவர்கள் வெள்ளை போட்டால் படமும் அழகாக வரும்.

ஆட்கணக்கு: ஏழு பேர் ஆட்டத்துக்கு அணிக்கு 10 முதல் 12. பத்துக்குக் கீழே போனால் ஓட்டப் பழக்கம் விட்டவர்கள் இரண்டாவது ஆட்டத்திலேயே சாய்ந்துவிடுவார்கள். 40 பேர் வந்தால் நாலு அணி. ஒரே மைதானத்தில் 25 நிமிட ஆட்டம், 5 நிமிட மாற்றம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். ஒரு நேரத்தில் இரண்டு அணி சும்மா உட்கார்ந்திருக்குமே என்று கவலைப்பட வேண்டாம். ஒன்றுகூடலில் பேச்சு நடப்பதே அந்த நேரத்தில்தான்.

சின்னக் களம்

சர்வதேச விதிப்படி அல்டிமேட் மைதானம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். இரு முனையிலும் 18 மீட்டர் எண்ட்ஸோன் (பாயிண்ட் எடுக்கும் முனைப்பகுதி). இதையே குறுக்காகத் திருப்பி மூன்றாக வெட்டினால் 37க்கு 26 மீட்டரில் மூன்று களம் கிடைக்கும், இடையில் 11 மீட்டர் இடைவெளியும் மிஞ்சும். எண்ட்ஸோன் 7 மீட்டர் வைத்தால் நடுவில் 23 மீட்டர். களத்துக்கு 8 கோன், மொத்தம் 24. ஒரே நேரத்தில் 14 பேர் ஆடிய இடத்தில் இப்போது நாலுக்கு நாலாக 24 பேர் ஆடலாம். இந்த முறையின் முழுப் பலமும் இதுதான்.

இடைவெளியைக் குறைத்து நாலாவது களம் போடலாமா என்று யாராவது கேட்பார்கள், வேண்டாம். மிதக்கிற டிஸ்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டே துரத்துகிறவர் கோட்டைத் தாண்டி ஏழெட்டு மீட்டர் ஓடிவிடுவார். பக்கத்துக் களத்தில் அப்போது முதுகு காட்டி நிற்கிறவருக்கு அது தெரியாது.

ஆட்டத்தின் குணமும் மாறிவிடும். நீள வீச்சுக்கும் ஹேமருக்கும் (தலைக்கு மேலாகக் கவிழ்த்து எறிவது) இடமில்லை. கொடுத்து ஓடி வாங்குவதும், மார்க்கை உடைத்து (தடுப்பவரைத் தாண்டி) எறிவதும்தான் பலிக்கும். பழைய ஹேண்ட்லர்கள் ஜொலிப்பார்கள். ஒரு காலத்தில் நீள ஓட்டத்துக்குப் பேர் போன கட்டர்களுக்கு வேலையிருக்காது. புல் பெரும்பாலும் வெளியே போய் விழும், அதனால் புல்லை விட்டுவிட்டுத் தங்கள் கோட்டிலிருந்து டிஸ்கோடு தொடங்கச் சொல்லுங்கள். ஸ்டால் 8 போதும். முழுவேகத்தில் நீளமாக ஓடுவது குறைவதால் தொடைப் பின்தசை தப்பிக்கும், ஆனால் வெட்டித் திரும்புவது கூடுவதால் கணுக்காலும் முட்டியும் வாங்கிக்கட்டிக்கொள்ளும். நாலு பேரில் ஒளிந்து நிற்க இடமில்லாததால் மூச்சும் சீக்கிரம் முட்டும். அணிக்கு ஆறு, ஏழு பேர், ஆட்டம் 10 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

கடற்கரை ஆட்டம் இதன் உறவுதான். அணிக்கு ஐந்து பேர், 75க்கு 25 மீட்டர் களம். மணலில் லேஅவுட் (டிஸ்கைப் பிடிக்கவோ தட்டவோ உடம்பு நீட்டிப் பாய்வது) விழுந்தால் வலிக்காது என்பது உண்மை. மணல் மென்மையானது, அதனால் உடம்புக்கு நல்லது என்பது பாதி உண்மை. ஒவ்வொரு அடியும் புதைவதால் கெண்டைக்காலும் குதிகால் நாணும் புல்தரையைவிட அதிகம் உழைக்கும். ஆடுவதற்கு முன் வரிசையாக நடந்து கண்ணாடிச் சில்லும் கிளிஞ்சலும் பொறுக்க ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

ஓடாத ஆட்டம்

இலக்கு எறிதலைக் குழந்தைகளுக்கானது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முட்டி அறுவை முடிந்தவர், கர்ப்பிணி, ஆட்டமே தெரியாமல் கூட வந்த துணை என்று எல்லாரையும் சேர்த்துக்கொள்வது இது ஒன்றுதான். வாளி, கோன், கம்பம் என்று ஒன்பது இலக்கு, ஒவ்வொன்றும் 40 முதல் 80 மீட்டர் தொலைவில். 175 கிராம் டிஸ்கே போதும், டிஸ்க் கோல்ஃப் தட்டு வேண்டாம். அது விளிம்பு கூர்மையானது, கனமாக வந்து படும், பழகாதவர் கையில் எங்கே போகுமென்று சொல்ல முடியாது. நாலு பேர் குழு, மூன்று கட்டிலிருந்தும் குறைந்தது ஒருவர். ஒரு மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம் ஆகும். தனி நிகழ்ச்சியாக வைத்தால் ஓட வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஹேட் ஆட்டத்தின் பக்கத்திலேயே ஓடவிட்டால் யாருக்கும் குறையில்லை.

எந்த வரிசையில்

40 பேர், ஒரு மைதானம் என்றால் இந்தச் சேர்க்கையைச் சொல்லலாம்: 15 நிமிடம் உடம்பைச் சூடாக்குவது, ஒரு ஹேட் சுற்று, பழையவர் எதிர் புதியவர், படம், இன்னொரு ஹேட் சுற்று. மூன்று மணி நேரம்தான். மானப் பிரச்சினையாக ஆடப்படும் ஆட்டத்தை நடுவில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் வைத்தால் குளிர்ந்த தசையோடு முழுவேகம் எடுப்பார்கள், முதல் பத்து நிமிடத்திலேயே யாராவது தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். கடைசியில் வைத்தால் களைத்த காலோடு அதே வேகத்துக்கு முயல்வார்கள். படத்தையும் முடிவுக்கு விடாதீர்கள், குழந்தையோடு வந்தவர்கள் அதற்குள் கிளம்பியிருப்பார்கள்.

லேஅவுட்டே கூடாது என்று விதி போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், டிஸ்க் மிதந்து வரும்போது உடம்பு தானாகப் பாயும். 'பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ ஆள் மேல் பாய்ந்து டிஸ்கைத் தட்டக்கூடாது' என்று குறிப்பாகச் சொன்னால் கேட்பார்கள். விதிப் புத்தகம் பல முறை திருத்தப்பட்டிருப்பதால் ஆளுக்கொரு காலத்து விதியோடு வருவார்கள். நடுவர் இல்லாத ஆட்டம், ஃபவுலை ஆடுகிறவர்களே சொல்லிக்கொள்ள வேண்டும். எந்தப் பதிப்பின்படி ஆடுகிறோம் என்று முதல் புல்லுக்கு முன்பே உரக்கச் சொல்லிவிட்டால் பாதித் தர்க்கம் குறையும்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஸ்பிரிட் சர்க்கிளை (இரு அணியும் வட்டமாகக் கூடிப் பேசுவது) விட்டுவிடாதீர்கள். இரு அணியும் ஒருவர் விட்டு ஒருவராகக் கோத்து நின்று, பெயரும் ஆடிய வருடங்களும் மட்டும் சொல்லட்டும். இருபது பேருக்கு மூன்று நிமிடம். ஸ்பிரிட் மதிப்பெண் தாள் (எதிரணி நியாயமாக ஆடியதற்குப் போடும் மதிப்பெண்) இன்றைக்குத் தேவையில்லை.

விருந்து மைதானத்தோரமா, மண்டபமா? மண்டபம் வசதி, குடும்பத்தோடு வரலாம். ஆனால் இடையில் இரண்டு மணி நேரம் விட்டால் குளித்துப் படுத்தவர்களில் சிலர் எழுந்து வர மாட்டார்கள். ஆட்டம் முடிந்த அரை மணிக்குள் மைதானத்தோரமே முதல் பந்தி என்றால் ஆள் குறையாது. நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் இருந்தால் மைதானமே மேல், மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மண்டபத்துக்குப் போய்விடுங்கள். நினைவு டிஸ்க் அச்சடித்தால் கையெழுத்தை அடிப்பக்கத்தில் வாங்குங்கள், மேல்பக்கத்தில் போட்டது நாலு நாள் எறிந்தால் அழிந்துவிடும். வீட்டிலிருந்து டிஸ்க் கொண்டு வருகிறவர்களும் அடியில் பெயர் எழுதிக்கொண்டு வரட்டும். நாற்பது வெள்ளை டிஸ்க் ஒரே குவியலாகக் கிடக்கும்போது எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது.