நீலகிரி மண்சரிவுக்கு முன்னெச்சரிக்கை: மழைமானியா, மண்ணுக்குள் சென்சாரா, வானத்து ரேடாரா?

அக்டோபர் பிறந்தால் குன்னூர், கோத்தகிரி பக்கம் எல்லார் மனசிலும் ஒரே கேள்விதான்: வீட்டுக்கு மேலே இருக்கிற மேடு இந்த வருஷம் நிற்குமா? இதற்கு முன்கூட்டியே பதில் சொல்ல இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. மழையை அளந்து, ஒரு வரம்பைத் தாண்டினால் எச்சரிப்பது ஒன்று. சரிவுக்குள் கருவிகளைப் புதைத்து மண்ணின் அசைவையும் உள்ளே ஏறும் நீரையும் பார்ப்பது இன்னொன்று. செயற்கைக்கோள் ரேடாரை வைத்து மலை முழுவதையும் மில்லிமீட்டர் கணக்கில் அளப்பது மூன்றாவது. மூன்றிலும் உலகம் முழுக்க ஆராய்ச்சி வேகமாக நடக்கிறது. ஆனால் புதியது, பளிச்சென்று இருக்கிறது என்பதால் பேச்சு வந்தாலே செயற்கைக்கோள்தான் முன்னால் வந்து நிற்கிறது. நீலகிரிக்கு அந்த வரிசை பொருந்தாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

முதலில் நம் மண்ணைப் பார்க்க வேண்டும். அடியில் கிடப்பது சார்னோகைட், சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள கெட்டிப் பாறை. அது காலங்காலமாக மழையில் மக்கி, மேலே செம்மண்ணாகவும் அதற்குக் கீழே வெளிறிய களிமண்ணாகவும் தடிமனாகப் படிந்திருக்கிறது. மழை நீர் இறங்க இறங்க மண் துகள்களுக்கு இடையே நீரழுத்தம் ஏறுகிறது, துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் உராய்வு குறைகிறது, ரோட்டுக்காகவோ வீட்டுக்காகவோ அடியில் வெட்டி நிறுத்திய மேடு ஒரு கட்டத்தில் தாங்காமல் விழுகிறது. இங்கே நடப்பதில் பெரும்பாலானவை சில மீட்டர் தடிமனுள்ள மேலோட்டமான சரிவுகள். மாதக்கணக்கில் மெல்ல ஊர்ந்து அடையாளம் காட்டிவிட்டு வருபவை குறைவு, ராத்திரி மழையில் சில நிமிஷத்தில் வந்துவிடுபவையே அதிகம். எந்தக் கருவி உதவும், எது உதவாது என்பதை இந்த ஒரு விஷயமே பாதி தீர்மானித்துவிடுகிறது.

2009 நவம்பரை மறந்திருக்க மாட்டோம். கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் இறங்கியது, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், மலை ரயில் பாதையும் பல இடங்களில் சேதமானது. எந்த முறையை எடுத்தாலும் நான் கேட்பது இதுதான்: அந்த நாட்களில் இது இருந்திருந்தால் என்ன செய்திருக்கும்?

மழை வரம்பு முறையின் அடிப்படை பழையது. 1980-இல் நெல் கெய்ன் என்ற ஆய்வாளர் உலகின் பல இடங்களில் நடந்த சரிவுகளைத் தொகுத்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மழை பெய்தால் ஆபத்து தொடங்குகிறது என்று ஒரு கோடு வரைந்தார். அவருடைய சமன்பாட்டில் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மி.மீ., ஒரு முழு நாளுக்குச் சுமார் 100 மி.மீ. வருகிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் பக்கம் ஒரு நாளில் 100 மி.மீ. பெய்வது அதிசயமில்லை, ஒவ்வொரு முறையும் ஊரைக் காலி செய்யச் சொன்னால் மூன்றாவது முறை யாரும் கிளம்ப மாட்டார்கள். அதனால் வரம்பு உள்ளூருக்கு உள்ளூர் கண்டுபிடிக்கப்பட வேண்டும். நமக்கு அதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. மேட்டுப்பாளையம் - குன்னூர் ரயில் பாதையில் எந்தத் தேதியில் எங்கே மண் விழுந்தது என்று ரயில்வே தன் பதிவேடுகளில் எழுதிவைத்திருந்தது. ஜிஎஸ்ஐ என்கிற இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பங்கஜ் ஜெய்ஸ்வாலும் நெதர்லாந்தின் வான் வெஸ்டனும் அந்தப் பதிவுகளை மழைக் கணக்கோடு சேர்த்துவைத்துத்தான், அன்றைய மழையோடு அதற்கு முந்தைய சில நாட்களின் மழையையும் கணக்கில் எடுக்கும் வரம்பை இந்தப் பாதைக்கு உருவாக்கினார்கள். ஏற்கெனவே ஊறிப்போன மண்ணுக்கு 60 மி.மீ. போதும், காய்ந்த மண் 150-ஐக்கூடத் தாங்கலாம் என்கிற மாதிரி வித்தியாசங்கள் அப்போதுதான் கணக்குக்குள் வரும் (இந்த இரண்டு எண்ணும் புரிவதற்காக நான் சொல்பவை, ஆய்வின் எண்கள் இல்லை).

ஜிஎஸ்ஐ இதே வழியில்தான் போகிறது. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து டார்ஜிலிங்கிலும் நீலகிரியிலும் சோதித்துப் பார்த்த பிறகு, 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்கணிப்பு மையம் தொடங்கப்பட்டது. பருவமழைக் காலத்தில் நம் மாவட்டத்துக்கும் அறிக்கை வருகிறது. நல்ல விஷயம். ஆனால் தாலுகா அளவில் ஒரு எச்சரிக்கை வந்தால் கீழே பர்லியாரில் இருப்பவரும் மேலே கேத்தியில் இருப்பவரும் அதை எப்படி எடுத்துக்கொள்வது? தொட்டபெட்டாவுக்கு மேற்கே கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிக்கு மழை தருவது தென்மேற்குப் பருவம், கிழக்கே கோத்தகிரிக்கு வடகிழக்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மி.மீ.க்கு மேல் கொட்டியபோது கோத்தகிரி பக்கம் அதில் சின்ன பங்குகூட இல்லை. ஒரு மலை முகடு தாண்டினால் வேறு வானம் என்கிற மாவட்டத்தில் நாலைந்து மழைமானியை வைத்துக்கொண்டு வரம்பு பேசுவதில் அர்த்தமில்லை.

ஹாங்காங் நம் மாவட்டத்தில் பாதி அளவுகூட இல்லை. அங்கே 1977 முதல் நிலச்சரிவு எச்சரிக்கை இயங்குகிறது, நூற்றுக்கும் மேற்பட்ட தானியங்கி மழைமானிகள் சில நிமிஷத்துக்கு ஒரு முறை கணக்கு அனுப்புகின்றன. அவ்வளவு தூரம் போகவே வேண்டாம், பந்தலூரை ஒட்டிய வயநாட்டில் ஹியூம் மையம் என்ற அமைப்பு ஊர்க்காரர்களின் உதவியோடு மழைமானிகளை நெருக்கமாக வைத்து அளந்து வருகிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலையை மண் மூடுவதற்கு முந்தைய நாளே, புத்துமலையில் பதிவான மழையைப் பார்த்து அவர்கள் ஆபத்து என்று நிர்வாகத்துக்குச் சொல்லியிருந்தார்கள் என்று செய்திகளில் வந்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோன அந்தச் சம்பவத்தில் அறிகுறியைப் பிடித்தது விலையுயர்ந்த கருவி இல்லை, மழைமானியும் அதைத் தினமும் பார்த்து எழுதிய ஆட்களும்தான். எனக்கு இதைவிடப் பெரிய சான்று தேவைப்படவில்லை.

இந்த முறைக்குக் குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. எந்த மேடு விழும் என்று மழைமானியால் சொல்லவே முடியாது. போன மாதம் ஜேசிபி வந்து அடிவாரத்தை வெட்டியதும், ஓடையை மூடி லேஅவுட் போட்டதும் அதற்குத் தெரியாது. பழைய சரிவுகளை வைத்துக் கண்டுபிடித்த வரம்பு புதிதாக வெட்டிய மேட்டுக்குப் பொருந்தாது, அது அதைவிடக் குறைந்த மழையிலேயே இறங்கிவிடும்.

அந்த இடத்தில்தான் மண்ணுக்குள் வைக்கும் சென்சார் வருகிறது. நீரழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர், சாய்வை அளக்கும் டில்ட் மீட்டர், ஈரப்பதமானி, அதிர்வைப் பிடிக்கும் ஜியோபோன் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பு. மூணாறில் அமிர்தா பல்கலைக்கழகம் இப்படி ஒரு வலைப்பின்னலைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. ஐஐடி மண்டி இமாச்சலச் சரிவுகளில் விலை குறைந்த கருவிகளை வைத்திருக்கிறது. மண் உடைவதற்கு முன் ஊர்ந்தால், அந்த வேகம் கூடுகிற விதத்தைக் கொண்டு விழும் நேரத்தையே கணிக்கலாம் என்று 1985-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஃபுகுசோனோ காட்டினார். வேகத்தின் தலைகீழ் மதிப்பை (ஒன்றை வேகத்தால் வகுத்தால் வருவது) நேரத்துக்கு எதிராக வரைந்தால் அது பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கும், தொடுகிற இடம்தான் விழும் நேரம். அழகான கணக்கு. ஆனால் நம் ஊர் மேலோட்டச் சரிவு ஊரும் நேரம் ரொம்பக் குறைவு, கிடைக்கும் அவகாசம் பல நேரம் நிமிஷக் கணக்குதான்.

இதில் எனக்கு உண்மையிலேயே ஆர்வம் தருவது இன்னொரு பக்கம். காற்று, வண்டி, ஓடை எல்லாம் நிலத்தில் ஓயாமல் உண்டாக்கும் சின்னச் சின்ன அதிர்வுகளை ஜியோபோன்களால் பதிவு செய்து, மண்ணுக்குள் அலை ஓடும் வேகம் மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். மண் ஊறி இளகினால் அலை மெதுவாகும். சுவிட்சர்லாந்தின் போன் பூர்க்கான் சரிவில் 2010 ஆகஸ்டில் மண் இறங்குவதற்குச் சில நாட்கள் முன்பே அந்த வேகம் 7 சதவீதம் வரை குறைந்திருந்தது. மண் நகரத் தொடங்கும் முன்பே இளக்கத்தைப் பிடிக்க முடியும் என்றால், நம் ஊர் திடீர்ச் சரிவுகளுக்குச் சென்சார் வழியில் இருக்கிற பெரிய நம்பிக்கை இதுதான். ஹில்குரோவ், ரன்னிமேடு பகுதியில் ரயில் பாதை ஓரமாக இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும், பழைய சரிவுப் பதிவுகள் வேறு எங்கேயும் அந்த அளவுக்குக் கிடைக்காது.

ஆனால் சென்சாரின் சிக்கல் எளிமையானது: ஒரு தொகுப்பு ஒரு மேட்டை மட்டும் பார்க்கும். மாவட்டத்தில் வீடுகளுக்கு மேலே இருக்கும் வெட்டு மேடுகளை எண்ணி முடிக்க முடியாது. அப்புறம் பராமரிப்பு. நாலு நாள் வெயிலே இல்லாமல் மூடிக்கிடக்கும்போது சோலார் பேனல் சார்ஜ் ஆகாது, இடி இறங்கினால் சர்க்யூட் போய்விடும், டவர் விழுந்தால் தகவல் போகாது, அதாவது எப்போது தேவையோ அப்போதுதான் கைவிடுகிற வாய்ப்பு அதிகம். பக்கத்திலேயே ஒரு ஆள் பொறுப்பில் இல்லாவிட்டால் இரண்டாவது மழைக்காலத்தைப் பார்க்காது.

செயற்கைக்கோளுக்கு வருவோம். ஒரே இடத்தை இரண்டு முறை ரேடாரால் பார்த்து, திரும்பி வரும் அலையின் வித்தியாசத்தைக் கணக்கிட்டால் நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். மெல்ல இறங்கும் நிலத்துக்கு இதற்கு ஈடு கிடையாது. ஐரோப்பாவின் சென்டினல்-1 பயன்படுத்தும் அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ., அது தேயிலை, சோலை, சீகை மரம் என்று எதன் இலையிலும் பட்டுச் சிதறிவிடுவதால் நம் மலையில் அளவு குழம்பிப்போகும். 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நாசா - இஸ்ரோ கூட்டுச் செயற்கைக்கோள் நைசார் 24 செ.மீ. அலையும் சேர்த்துப் பயன்படுத்துகிறது, இலைத் தழைக்குள் அது இன்னும் நன்றாக இறங்கும். 12 நாளுக்கு ஒரு முறை அதே பாதைக்குத் திரும்பும். தரவு எல்லாருக்கும் இலவசம்.

12 நாள் என்பதை 2009-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பெரிய மழைக்கும் சரிவுக்கும் நடுவில் சில நாட்கள்தான் இருந்தன, செயற்கைக்கோள் அந்த இடைவெளியில் ஒரு முறைகூட வராமலே போயிருக்கலாம். இன்னொன்று, துருவத்துக்குத் துருவம் போகும் பாதையிலிருந்து பக்கவாட்டில் பார்ப்பதால் வடக்கு - தெற்காக நகரும் நிலம் அதன் கண்ணுக்குச் சரியாகப் படாது. செங்குத்தான பள்ளத்தாக்குகளில் ரேடார் அலை எட்டாத நிழலும் விழும். எனவே எச்சரிக்கை மணியாக இதை நம்பக் கூடாது. ஆனால் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் ஊர்ந்துகொண்டிருக்கும் பெரிய, பழைய சரிவுகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று காட்டும், மேகம் மூடியிருக்கும்போதே புதிய சரிவுகளை வரைபடத்தில் குறிக்க உதவும், மண் ஈரத்தைப் பரந்த அளவில் தரும். சென்சாரை எந்த மேட்டில் புதைப்பது என்று முடிவெடுக்க இது ரொம்பத் தேவை.

சரி, மாவட்டத்துக்கு ஒரு தொகை வந்தால் எதற்கு முதலில்? என் பதில் மழைமானி, அதுவும் தாலுகாவுக்கு ஒன்று இரண்டு என்று இல்லாமல் ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று, மணிக்கு ஒரு முறை கணக்கு வருகிற மாதிரி. தேயிலை எஸ்டேட் அலுவலகங்களில் தலைமுறை தலைமுறையாக மழை அளந்து எழுதிய நோட்டுகள் கிடக்கின்றன, அவற்றை வாங்கிக் கணினியில் ஏற்றினால் வரம்புகள் இன்னும் கூர்மையாகும், செலவும் பெரிதாக இல்லை. அடுத்தது, குடியிருப்புக்கு நேர் மேலே இருக்கும் சில ஆபத்தான மேடுகளில் மட்டும் சென்சார், ஒவ்வொன்றுக்கும் சம்பளம் வாங்கும் ஒரு உள்ளூர் ஆளோடு. செயற்கைக்கோளுக்குப் பணமே பெரிதாக வேண்டாம், தரவு சும்மா கிடைக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேரை ஊட்டியிலோ கோவையிலோ ஒரு கல்லூரியில் உட்கார வைத்தால் போதும்.

நைசாரின் நீண்ட அலை தேயிலைத் தோட்டத்துக்கு மேல் இரண்டு பருவமழை முழுக்கக் குழம்பாமல் அளவு கொடுத்தால், மூன்றாவதாக வைத்ததை இரண்டாவதாக ஏற்றிவிடுவேன். சோதித்துப் பார்க்க வேண்டிய இடமாக குன்னூர் - கோத்தகிரி ரோட்டின் கிழக்குப் பார்த்த சரிவுகளைச் சொல்வேன், ரேடாருக்கு நன்றாகத் தெரிகிற திசை அது.