கத்தோலிக்கப் பள்ளியா, வீட்டருகே உள்ள அரசாங்கப் பள்ளியா? பரிவை முன்வைத்து ஓர் ஒப்பீடு

பிள்ளைக்குத் தொடக்கநிலை ஒன்றில் இடம் தேடும் சிங்கப்பூர்ப் பெற்றோர் பெரும்பாலும் தொலைவையும் பள்ளியின் பெயரையும் எடைபோட்டு முடிவெடுக்கிறார்கள். எங்கள் வீட்டிலோ பேச்சு வேறொரு கேள்வியில் வந்து நின்றது: அக்கறை, மரியாதை, நேர்மை என்று எல்லாப் பள்ளிகளும் சுவரில் எழுதிவைத்திருக்கும் பண்புகள் எந்தப் பள்ளியில் அன்றாடப் பழக்கமாக இருக்கின்றன? நாங்கள் இந்துக் குடும்பம். மகளை அரசாங்க உதவிபெறும் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றில், பேச்சு வழக்கில் சொன்னால் கான்வென்ட்டில், சேர்த்தோம். என் அக்காள் மகன் தன் புளோக்குக்கு எதிரிலேயே உள்ள அரசாங்கப் பள்ளியில் படிக்கிறான். இரண்டையும் அருகிலிருந்து பார்த்துவருகிறேன். என் மனம் கான்வென்ட்டின் பக்கம் சாய்ந்திருப்பதை மறைக்கப்போவதில்லை.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இரு வகைத் தொடக்கப்பள்ளிகளிலும் பள்ளிக் கட்டணம் கிடையாது. மாதாந்தர இதரக் கட்டணம் மட்டுமே உண்டு. பாடத்திட்டம் கல்வி அமைச்சினுடையது. மரியாதை, பொறுப்பு, மீள்திறன், நேர்மை, அக்கறை, நல்லிணக்கம் ஆகிய ஆறு பண்புகளும் இரு இடங்களிலும் கற்பிக்கப்படுகின்றன. தமிழ்ப் பெற்றோர் முன்கூட்டியே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: தொடக்கநிலைப் பிரிவும் உள்ள கேத்தலிக் ஹை, மாரிஸ் ஸ்டெல்லா, செயின்ட் நிக்கலஸ் போன்றவை சீனமொழியை மையமாகக் கொண்ட சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள் என்பதால், தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கவிரும்பும் பிள்ளைக்கு அவை பொருந்தா.

மதம் பற்றிய தயக்கம் எங்களுக்கும் இருந்தது. காலை ஒன்றுகூடலில் ஜெபம் உண்டு. கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள் அமைதியாக நிற்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பு கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டுமே. என் மகள் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவதில் எந்த மாற்றமும் இல்லை. போப் பிரான்சிஸ் 2024 செப்டம்பரில் இங்கு வந்தபோது, பல சமய இளையர்களைச் சந்தித்துப் பேசிய இடம் கத்தோலிக்கத் தொடக்கக் கல்லூரி என்பதும் என் தயக்கத்தைக் குறைத்தது. பிற சமயத்தவரை விருந்தாளிகளாக அல்லாமல் உடனிருப்பவர்களாக நடத்தும் பழக்கத்தை மகளின் பள்ளியிலும் காண்கிறேன்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு காரணம்தான். ஒரு தொண்டூழியத் திட்டம் நிறைவடைந்து, அறிக்கை எழுதப்பட்டு, படங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட பிறகு, அந்தப் பரிவைத் தொடர்ந்து பராமரிப்பவர்கள் யார் என்பதே அது. ‘வேல்யூஸ் இன் ஆக்‌ஷன்’ என்ற பள்ளித் தொண்டூழியத் திட்டத்தின்கீழ் இரு பள்ளிப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வேலைகளைத்தான் செய்கிறார்கள்: முதியோர் இல்லத்துக்குச் செல்கிறார்கள், அரிசியும் பிஸ்கட்டும் திரட்டுகிறார்கள், அக்கம்பக்கத்தைச் சுத்தம் செய்கிறார்கள். அக்காள் மகனின் ஆசிரியை ஒருவர் இதை உள்ளன்போடு நடத்தினார். பிள்ளைகள் ஒரே மூத்தோர் நிலையத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்று, அங்குள்ள தாத்தா பாட்டிகளின் பெயரைச் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகினார்கள். அவர் வேறு பள்ளிக்கு மாற்றலானதும் அந்தத் தொடர்பு நின்றுவிட்டது. அடுத்து வந்தவர் கடமை தவறியவர் அல்லர். அவர் வேறொரு திட்டத்தைத் தொடங்கினார். அமைச்சின்கீழ் ஆசிரியர்களும் முதல்வர்களும் இடம் மாறுவது இயல்பு என்பதால், ஒருவரின் ஈடுபாட்டில் வளர்ந்தது அவரோடு போய்விடும் நிலை அங்கு அதிகம்.

கான்வென்ட்டிலும் ஆசிரியர்கள் மாறுகிறார்கள். ஆனால் மாறாத ஒரு வட்டம் அவர்களைச் சுற்றி இருக்கிறது: பள்ளி நிர்வாகக் குழு, அருட்சகோதரிகள், முன்னாள் மாணவியர், பங்குக் கோயிலைச் (வட்டாரத் தேவாலயத்தைச்) சேர்ந்தவர்கள், பெற்றோர் ஆதரவுக் குழு. குழந்தை இயேசு சபையின் சகோதரிகள் நால்வர் 1854இல் இங்கு வந்து தொடங்கிய பணி, விக்டோரியா ஸ்திரீட்டில் இன்று சைம்ஸ் என்று அழைக்கப்படும் வளாகத்தில் பள்ளியாகவும் அனாதை இல்லமாகவும் வளர்ந்தது. வறுமையாலும், புலி ஆண்டில் பிறந்த பெண் ஆகாதவள் என்ற நம்பிக்கையாலும் கைவிடப்பட்ட சிசுக்கள் அதன் சிறிய வாயிலருகே விட்டுச்செல்லப்பட்டார்கள். அந்த மரபில் வந்த பள்ளிகளில் ஒன்றில் படிக்கும் என் மகளுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். தன் பள்ளி எதற்காகத் தொடங்கப்பட்டது என்று கேட்டால் தேர்வு முடிவுகளைப் பற்றி அவள் பேசுவதில்லை, அந்த வாயிலைப் பற்றித்தான் பேசுகிறாள்.

அந்த வட்டம் நடைமுறையில் என்ன செய்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வளர்ந்த பிள்ளைகளுக்குப் பொருந்தாமல் போன சீருடைகளைப் பெற்றோர் குழு வாங்கித் துவைத்து, இஸ்திரி போட்டு, புதியவற்றுக்குரிய அதே உறையிலேயே இட்டுவைக்கிறது. எந்தப் பிள்ளை எதை அணிந்திருக்கிறாள் என்று பார்ப்பவர் கண்டுபிடிக்க முடியாது. மூக்குக் கண்ணாடி உடைந்த பிள்ளை இரண்டு நாள் கண்ணைச் சுருக்கிக் கரும்பலகையைப் பார்த்தால், வகுப்பாசிரியை அலுவலகத்தில் ஒரே ஒருவரிடம் சொல்கிறார். முன்னாள் மாணவியர் திரட்டிய தொகையிலிருந்து அந்தச் செலவு ஈடுகட்டப்படுகிறது. குழுவில் இருக்கும் எனக்கு அந்தப் பிள்ளையின் பெயர் தெரியாது, தெரியவும் கூடாது. இல்லை என்று வாய்திறந்து சொல்லவேண்டிய நிலைக்கு ஒரு குடும்பம் வருவதற்கு முன்பே உதவி போய்ச் சேர்வதைத்தான் நான் பரிவு என்று மதிக்கிறேன்.

அரசாங்கப் பள்ளியில் உதவி குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டம் பாடநூல், சீருடை, உணவு என்று இரு வகைப் பள்ளிகளிலும் கைகொடுக்கிறது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பள்ளிக் கைச்செலவு நிதியும் அப்படியே. விதிப்படி கிடைக்கும் உதவிக்கு அதற்கே உரிய கண்ணியமும் உண்டு, ஏனெனில் அது யாருடைய நல்ல மனத்தையும் நம்பியிருப்பதில்லை. ஆனால் படிவம் நிரப்பி வருமானச் சான்று காட்டவேண்டிய அந்த வழியில், வரம்பைச் சற்றே தாண்டிய குடும்பமும் கேட்கக் கூசும் குடும்பமும் வெளியே நின்றுவிடுகின்றன. அவர்களைக் கவனிக்க, விதிகளுக்கு அப்பால், பள்ளியைத் தன் வீடாக நினைக்கும் பெரியவர்கள் வேண்டும். கான்வென்ட்டில் அவர்களை அதிகமாகக் கண்டேன்.

பிள்ளைகளிடமும் இது படிகிறது. ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தவக்காலத்தின் நாற்பது நாளும் மகள் பள்ளி உணவகத்தில் இனிப்புப் பானத்தைத் தவிர்த்து, மிஞ்சும் காசை உண்டியலில் போடுகிறாள். பாட்டி புரட்டாசியில் விரதமிருந்து பெருமாள் கோயில் அன்னதானத்துக்குப் பணம் கொடுப்பதும் இதுவும் ஒன்றுதானே என்று அவளே கேட்டாள். ஆம் என்றேன்.

அரசாங்கப் பள்ளி தெளிவாக முந்தும் இடம் ஒன்று உண்டு, அதை நான் சிறிதாக எண்ணவில்லை. அக்காள் மகனின் வகுப்பில் மலாய்ப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் நிறையப் பேர். நோன்பு மாதத்தில் நண்பன் பசியோடு ஓடியாடுவதைப் பார்த்து, தானும் அவன் முன் உண்ணாமல் இருக்க அவன் கற்றுக்கொண்டான். என் மகளின் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் மிகக் குறைவு. முன்னாள் மாணவியரின் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலை ஒன்று பதிவின் 2ஏ கட்டத்திலேயே முன்னுரிமை கிடைப்பதால், நான் மேலே புகழ்ந்த அதே தொடர்ச்சி ஒரே மாதிரியான குடும்பங்களைத் திரும்பத் திரும்ப உள்ளே கொண்டுவருகிறது. வேறுபட்டவர்களிடம் பரிவு காட்டப் பழக வேண்டுமானால் அவர்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பது நல்லது. இந்தக் குறையை வார இறுதிகளில் அக்காள் வீட்டு விளையாட்டுத் திடலில் ஓரளவு ஈடுசெய்கிறோம்.

இன்னொன்றும் என்னைக் கவலைப்படுத்துகிறது. அருட்சகோதரிகளுக்கு வயதாகிவிட்டது; புதிதாகச் சேர்பவர்கள் அரிது. இன்று வட்டத்தைத் தாங்குபவர்கள் பெரும்பாலும் இல்லறத்தில் இருக்கும் ஆசிரியர்களும் முன்னாள் மாணவியருமே.

பள்ளியோடு முன்தொடர்பு இல்லாதவர்களுக்கு 2பி கட்டம் ஒரு வழி. பதிவு ஆண்டுக்கு முந்தைய ஆண்டு ஜூலை 1ஆம் தேதிக்குள் பெற்றோர் தொண்டூழியராகச் சேர்ந்து, பதிவு ஆண்டின் ஜூன் 30க்குள் குறைந்தது 40 மணி நேரச் சேவையை முடிக்க வேண்டும். அதன் பிறகும் விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் உண்டு; இடம் உறுதியில்லை. இடம் கிடைக்காமல் போனாலும் அந்த 40 மணி நேரத்தில் பள்ளியின் உள்புறத்தை நேரில் பார்க்கலாம்: சீருடையை யார் துவைக்கிறார்கள், கண்ணாடிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், யாருடைய பெயர் வெளியே சொல்லப்படுவதில்லை என்று. வீட்டருகே உள்ள பள்ளியில் இவற்றுக்கு நல்ல விடை கிடைத்தால், தொலைவு கடந்து கான்வென்ட்டுக்குப் போக வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.